வாக்கியத்தில் அமைத்து எழுதுக

பிள்ளைகளின் தமிழ் வினாத்தாளில் ஓர் ஓரமாக அடங்கி நிற்கும் வினா ஒன்று உண்டு. ‘கீழ்க்காணும் சொற்களை வாக்கியத்தில் அமைத்து எழுதுக’ என்பது அது. பொருத்துக, கோடிட்ட இடம் நிரப்புக, எதிர்ச்சொல் தருக ஆகியவற்றுக்கு நடுவே வந்து, சொல்லுக்கு ஒரு மதிப்பெண்ணோ இரண்டு மதிப்பெண்ணோ கொடுத்துவிட்டுப் போய்விடும். பெற்றோர் அதனைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஆசிரியர்களிலும் பலர் அதனை எளிய வினா என்றே எண்ணுகின்றனர். தமிழாசிரியனாக முப்பதாண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கோ, வினாத்தாள் முழுவதிலும் இதனைவிடக் கடினமான வினா இல்லை என்றே தோன்றுகிறது.

பொருள் கூறச் சொன்னால் மனப்பாடம் கைகொடுக்கும். எதிர்ச்சொல் கேட்டால் பட்டியல் கைகொடுக்கும். வாக்கியத்தில் அமைக்கச் சொல்லும்பொழுது மட்டும், ‘இந்தச் சொல்லை நீ எங்கே சந்தித்தாய்? அதனோடு உனக்கு என்ன பழக்கம்?’ என்று வினா பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கேட்கிறது. பழக்கமில்லாத பிள்ளை வேறு வழியின்றித் துணைநூலைப் புரட்டுகிறது. பழக்கமுள்ள பிள்ளையும் சில வேளைகளில் வாயடைத்து நிற்கிறது. இந்த இரண்டாவது வகைப் பிள்ளையைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

ஒரு சொல், ஒரே வாக்கியம்

ஓய்வுக்குப் பின் நான் குடியிருப்பது சிவகங்கைக்கு அருகிலுள்ள நாட்டரசன்கோட்டையில். நகரத்தாரின் பெரிய வீடுகளும் கண்ணாத்தாள் கோவிலும் அமைந்த ஊர். தைப் பொங்கல் கழிந்து வரும் முதற் செவ்வாயன்று, நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கோவில் முன்னே வரிசையாக அடுப்பு மூட்டிச் செவ்வாய்ப் பொங்கல் இடும் ஊர். அஸர் தொழுகைக்கும் மக்ரிபுக்கும் இடைப்பட்ட வேளையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலர் என் வீட்டுத் திண்ணைக்கு வருவர். ஓதும் பள்ளியிலிருந்து தொப்பியோடு நேரே வருவோரும் உண்டு. நெற்றியில் திருநீற்றோடு வருவோரும் உண்டு. மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிப்பவர்கள். கட்டணம் கிடையாது, கட்டாயமும் கிடையாது.

ஒரு நாள் ‘மாடு’ என்ற சொல்லைக் கொடுத்து வாக்கியத்தில் அமைக்கச் சொன்னேன். அன்று வந்திருந்தவர்கள் பதினொருவர். ஏழு ஏடுகளில் ‘மாடு பால் தரும்’ என்றிருந்தது. இரண்டு ஏடுகளில் ‘மாடு புல் தின்னும்’ என்றிருந்தது. ஒன்பதும் பிழையற்ற வாக்கியங்கள். எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, முற்றுப்புள்ளியும் உண்டு. ஆனால் அவற்றை நாட்டரசன்கோட்டையில் இருந்துதான் எழுத வேண்டும் என்பதில்லை. மாட்டையே கண்டிராத ஒரு பிள்ளை, உலகின் எந்த மூலையில் இருந்தும் அவற்றை எழுதிவிடலாம். பத்தாவது ஏடு நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தியுடையது. ‘எங்கள் வீட்டு மாடியில் மாடு இல்லை’ என்று எழுதியிருந்தாள். பிள்ளைகள் சிரித்தனர், நானும் சிரித்தேன். எனினும் அந்தப் பத்துப் பேரில் எழுதுமுன் தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

பதினோராவது ஏட்டில் ஒன்றும் இல்லை. அது ஐந்தாம் வகுப்புச் சிறுவனுடையது.

எழுதுகோல்களைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, “வீட்டிலே தெருவிலே மாடு என்ற சொல் வரும்படியாக யாராவது பேசக் கேட்டிருக்கிறீர்களா? அதை அப்படியே சொல்லுங்கள்” என்றேன். சற்று நேரம் அமைதி. பிறகு ஒரு பையன் எழுந்து, “ஒழுங்காப் படிக்காட்டி மாடுதான் மேய்க்கணும்னு எங்க அத்தா சொல்வாங்க, சார்” என்றான். எல்லோரும் ‘எங்க வீட்டுலயும்’, ‘எங்க வீட்டுலயும்’ என்று கூவிச் சிரித்தனர்.

அன்று அந்தத் திண்ணையில் கிடைத்த முதல் உயிருள்ள வாக்கியம் அதுதான் என்பதை மறுப்பதற்கில்லை. பிள்ளைகள் ‘மாடு’ என்ற சொல்லை உண்மையாகவே சந்தித்திருந்த இடம் அந்த வசையாகவே இருந்தது. வெற்று ஏட்டை வைத்திருந்த சிறுவன் மட்டும் சிரிக்கவில்லை. அவனுடைய தந்தை மாடு மேய்ப்பவர்.

“மாட்டைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்லு, தம்பி” என்றேன் அவனிடம்.

அவன் தயங்கி நின்று, “எந்த மாடு, சார்?” என்று கேட்டான்.

“எந்த மாடாக இருந்தால் என்ன?”

“இல்ல சார், சினை மாடா, கறவையா, வத்துன மாடா? எதைன்னு சொல்ல?”

அவன் ஏடு ஏன் வெற்றாக இருந்தது என்பது எனக்கு அப்பொழுது விளங்கியது. ஏனைய பிள்ளைகளுக்கு ‘மாடு’ என்பது ஒரு படம். படத்துக்குக் கீழே ஒரு பெயர். அவனுக்கோ அந்தச் சொல் மிக அகலமானது. மனிதரைப் பற்றி ஒரு வாக்கியம் சொல் என்று நம்மைக் கேட்டால் நாமும் ‘எந்த மனிதர்?’ என்றுதானே கேட்போம்?

எழுத்தில் ஏறாத அறிவு

அடுத்த சில நாட்களில் அவன் வாய்திறந்து சொன்ன சொற்களை நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். நிறத்தால் செவலை, மயிலை, காரி. உடலில் திட்டுத் திட்டாக வேறு நிறம் விழுந்திருந்தால் மறை. நெற்றியில் வெள்ளை இருந்தால் சுட்டி. ஈனாத இளம்பசு கிடாரி. முதற்கன்று போட்டது தலையீத்து. பின்னர் இரண்டாம் ஈத்து, மூன்றாம் ஈத்து. வயதைச் சொல்ல அவன் ஆண்டுகளை எண்ணுவதில்லை, பற்களை எண்ணுகிறான். பால்பல் விழுந்து முதலில் இரண்டு நிலைப்பல் முளைக்கும். பிறகு நான்கு, ஆறு, எட்டு. எட்டும் நிரம்பிவிட்டால் மாடு முழு வளர்ச்சி அடைந்துவிட்டது என்று பொருள். பிள்ளைக்கு வயது பத்து. இத்தனையும் அவன் யாரிடமும் பாடமாகக் கேட்டதில்லை.

அவன் தந்தை வைத்திருப்பது கிடைமாடு. நம் சிவகங்கை மாவட்டத்துப் புலிக்குளம் என்ற ஊரின் பெயரால் வழங்கும் நாட்டு மாட்டினம் அது. மஞ்சுவிரட்டுக் களங்களில் பாயும் காளைகளில் பல இந்த இனத்தைச் சேர்ந்தவை. ஊர்ப்புறத்தில் அறுவடை முடிந்ததும் கீதாரிகள் தங்கள் மாடுகளை மந்தையாக ஓட்டிக்கொண்டு புறப்படுவர். பகலெல்லாம் மேய்ச்சல், இரவில் ஒருவருடைய வயலில் கிடை அமர்த்துவர். சாணமும் கோமயமும் அந்த நிலத்திலேயே விழுந்து உரமாகும். நிலத்துக்காரர் அதற்குப் பணமோ நெல்லோ கொடுப்பார். மறுநாள் வேறு வயல். வண்டி வைத்து எரு அடிக்கும் வேலையின்றி, மாடு தானே நடந்து சென்று வயலுக்கு உரமிட்டு வரும் ஏற்பாடு இது.

இப்பொழுது அந்தச் சிறுவன் என்னிடம் சொன்ன செய்தி ஒன்றைக் கேளுங்கள். ஒரு தேர்வில் இதே போன்ற வினாவுக்கு ‘மாடு வயலில் படுக்கும்’ என்று எழுதினானாம். ‘வயலில்’ என்ற சொல் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு மேலே ‘தொழுவத்தில்’ என்று திருத்தப்பட்டிருந்தது. அவன் எழுதியது அவனுடைய வீட்டு உண்மை. அவர்கள் மாடு தொழுவத்தைக் கண்டதே இல்லை. பள்ளியின் பெயரோ ஆசிரியரின் பெயரோ இங்கு வேண்டியதில்லை. நாற்பது ஏடுகளை ஒரே மாலையில் திருத்தும் ஆசிரியர், விடைக்குறிப்பில் உள்ளதைத்தான் தேடுவார். ஆனால் அந்தச் சிவப்புக் கோட்டைப் பிள்ளை எப்படிப் படித்தான் என்பதே நாம் எண்ண வேண்டியது. தனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்துத் தமிழ் ஆகாது என்று அவன் படித்துக்கொண்டான். அதன் பிறகு வாக்கியம் அமைக்கச் சொன்ன இடமெல்லாம் வெற்றிடம் விட்டான். வெற்றிடத்துக்கு மதிப்பெண் இல்லை. மதிப்பெண் இல்லாத பிள்ளைக்கு ‘தமிழே வராது’ என்று பெயர்.

அவன் தந்தையைச் சந்தித்தபோது அவரும் அதனைத்தான் சொன்னார். “இவனுக்குப் படிப்பு ஏறலைங்கய்யா. அஞ்சோட நிறுத்தி மாட்டுக்குப் பின்னால விட்டுறலாம்னு பாக்குறேன்” என்றார். ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை கல்வி பிள்ளையின் உரிமை என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அது 2010 ஏப்ரல் முதல் நடைமுறையிலும் இருக்கிறது. ஆனால் கிடையோடு ஊர் ஊராகப் போகும் குடும்பத்தில், ‘எனக்கு வராது’ என்று பிள்ளையே நம்பிவிட்ட பிறகு, சட்டம் மட்டும் அவனைப் பள்ளியில் நிறுத்தி வைக்குமா?

மேய்ப்பவன் வாய்த் தமிழ்

இந்தச் சிறுவனுக்குத் தமிழ் வராது என்ற பேச்சு வேறெந்த ஊரில் எழுந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம், நாட்டரசன்கோட்டையில் பொறுப்பதற்கில்லை. கவிச்சக்கரவர்த்தி கம்பர் அடங்கிய இடமென்று தமிழுலகம் போற்றும் ஊர் இது. ஆண்டுதோறும் பங்குனியில் காரைக்குடிக் கம்பன் கழகம் எடுக்கும் விழாவின் நிறைவுநாள், அத்தத் திருநாளன்று இங்குதான் நடைபெறும். 1939-இல் சா. கணேசன் தொடங்கி வைத்த கழகம் அது. பிறந்த குழந்தையின் நாவில் கம்பர் சமாதியின் மண்ணைத் தொட்டு வைத்தால் நல்ல தமிழ் வரும் என்று இவ்வூர் மக்கள் நம்பி வந்திருக்கின்றனர். கம்பனைத் தம் உயிராகக் கொண்டு ஆராய்ந்தவர், சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக விளங்கிய நாகூர் மு. மு. இஸ்மாயில் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. முதுமையில் சோழநாட்டை விட்டு நீங்கி வந்த கம்பர், பக்கத்து ஊராகிய முடிக்கரைக்கு எப்படிப் போவது என்று மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனிடம் கேட்டாராம். சிறுவன் ஊரின் பெயரை வைத்தே சொல்நயம் தோன்ற ஒரே வரியில் வழி சொன்னானாம். மேய்க்கும் பிள்ளையின் வாயிலேயே இத்தனை தமிழ் இருக்குமானால் நாம் தங்க வேண்டிய மண் இதுதான் என்று கம்பர் முடிவு செய்தாராம். கதை வரலாறாகவும் இருக்கலாம். ஊர்ப் பெருமைக்காகப் பிறந்ததாகவும் இருக்கலாம். ஆனால் தமிழுக்குச் சான்று தேடிய ஊர், அந்தச் சான்றைப் புலவர் அவையில் தேடாமல் மேய்ச்சல் தரையில் தேடியிருக்கிறது என்பதை நோக்குங்கள். கண்ணாத்தாள் கோவிலின் தலக்கதையிலும் பாற்குடம் சுமந்து வந்த ஆயர்களே முதலில் வருகின்றனர். அத்தகைய ஊரில் இன்று ‘மாடு மேய்க்கத்தான் லாயக்கு’ என்பது வசைச்சொல்லாகிவிட்டது.

நம் இல்லங்களில் இந்த வசை ஒலிக்கும்போது நான் கூடுதலாக வருந்துகிறேன். ஆடு மேய்க்காத நபி எவரும் இல்லை என்ற கருத்துப்பட அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியதையும், மக்கா நகரத்தாரின் ஆடுகளைத் தாமும் கூலிக்கு மேய்த்ததாகச் சொன்னதையும் புகாரி நபிமொழித் தொகுப்பில் காண்கிறோம். அந்தச் செய்தியைப் பெருமையோடு சொல்லும் நாவினாலேயே, மேய்த்தலை இழிவென்று பிள்ளைக்குக் கற்பிக்கலாமா?

சொல்லின் செல்வம்

‘மாடு’ என்ற சொல் எளிய சொல் அன்று. பழந்தமிழில் அதற்குச் செல்வம் என்றே பொருள் உண்டு. கல்வி அதிகாரத்தின் இறுதிக் குறளாகிய 400-ஆம் குறளில் வள்ளுவர் அப்பொருளில்தான் அதனை ஆள்கிறார். கல்வியே அழிவற்ற செல்வம், மற்றவை மாடல்ல என்கிறார். மாடுதான் செல்வமாக இருந்த காலத்தில் பிறந்த பொருள் இது. பிற மொழிகளிலும் இதற்கு உறவுகள் உண்டு. அரபியில் செல்வத்தைக் குறிக்கும் ‘மால்’ என்ற சொல்லைப் பாலைநில அரபியர் சிறப்பாகத் தம் ஒட்டகங்களுக்கு வழங்கினர். இலத்தீன் மொழியில் பணத்தைக் குறிக்கும் ‘பெக்கூனியா’, மந்தையைக் குறிக்கும் ‘பெக்குஸ்’ என்பதிலிருந்து வந்தது.

‘ஆ’ என்ற ஓரெழுத்துச் சொல்லும் பசுவைக் குறிக்கும். அந்தச் சொல் இறந்துவிட்டது என்று சிலர் எண்ணுகின்றனர். காலையில் வீட்டு வாசலில் கிடக்கும் பால் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். ‘ஆவின்’ என்றிருக்கும். ‘ஆ’ என்ற பெயரோடு ‘இன்’ சேர்ந்து ‘பசுவினுடைய’ என்று பொருள்படும் சொல் அது. 1981-இல் உருவான தமிழ்நாட்டுக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையம், ஓர் இலக்கணப் பாடத்தையே நாள்தோறும் வீடு வீடாகக் கொண்டுவந்து போடுகிறது. என் திண்ணைப் பிள்ளைகளிடம் இதனைச் சொன்னபோது அவர்கள் பாக்கெட்டைப் புதிதாகக் கண்டவர்கள் போல் திகைத்தனர்.

ஓதும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளிடம், “குர்ஆனில் மிக நீண்ட அத்தியாயம் எது?” என்று கேட்டேன். “அல்பகரா” என்று ஒரே குரலில் விடை வந்தது. 286 வசனங்கள் என்பதும் தெரிந்திருந்தது. “அல்பகரா என்றால் என்ன?” என்றேன். ஒருவருக்கும் தெரியவில்லை. “பசுமாடு” என்று நான் சொன்னதும் நம்ப மாட்டாதவர்கள் போல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். ஆறாம் அத்தியாயமாகிய அல்அன்ஆம் என்பதற்குக் கால்நடைகள் என்று பொருள். தேனீயின் பெயர் தாங்கிய அந்நஹ்ல் அத்தியாயம், மாலையில் மந்தை வீடு திரும்புவதிலும் காலையில் மேய்ச்சலுக்குப் புறப்படுவதிலும் உள்ள அழகைக்கூட நினைவூட்டுகிறது.

அல்பகரா அத்தியாயத்துக்கு அப்பெயர் தந்த வரலாற்றையும் சொன்னேன். ஒரு பசுவை அறுக்குமாறு இறைவன் ஏவியதாக மூசா நபி தம் மக்களிடம் கூறுகிறார். அவர்களோ, அது எத்தகைய பசு, நிறம் யாது என்று மேலும் மேலும் கேட்டுக்கொண்டே போகின்றனர். விடையும் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. கிழடும் அன்று, இளங்கன்றும் அன்று, பார்ப்போரை மகிழ்விக்கும் ஒளிர்மஞ்சள் நிறம், உழவுக்கோ நீர் இறைப்பதற்கோ பழக்கப்படாதது, மாசுமறு அற்றது. அம்மக்கள் கேட்டது கட்டளையைத் தட்டிக்கழிக்க. நம் சிறுவன் கேட்டது மாட்டை அறிந்திருந்ததனால். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் அந்த விடைகளில் உள்ள கூர்மையைப் பாருங்கள். வயது, நிறம், வேலைப் பழக்கம், உடற்குறை என்ற நான்கும் ஒரு கீதாரி தன் மந்தையில் மாட்டைப் பிரித்தறியும் அதே நான்கு அடையாளங்கள். இதனைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சிறுவன், “அப்ப அது ரெண்டு பல்லோ நாலு பல்லோ இருக்கும், சார்” என்றான். ஓதும் பள்ளிப் பிள்ளைகள் முதன்முறையாக அவனைத் திரும்பிப் பார்த்தனர்.

அழியும் சொற்கள்

மாடு உழுத நிலத்தில் டிராக்டர் உழுகிறது. 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சி பாலைப் பெருக்கியது. அதற்காகக் கலப்பினப் பசுக்களையும் பெருக்கியது. 2012-க்கும் 2019-க்கும் இடையே இந்தியாவில் கலப்பின, அயலினப் பசுக்கள் ஏறத்தாழ 27 விழுக்காடு கூடியிருக்க, நாட்டு மாடுகள் 6 விழுக்காடு குறைந்துவிட்டன என்று 20-ஆம் கால்நடைக் கணக்கெடுப்பு காட்டியது. பாலின் பெருக்கத்தை நான் குறை சொல்லவில்லை. மந்தை குறையும்போது அதனைச் சுற்றியிருந்த சொற்களும் குறைகின்றன என்பதையே சொல்கிறேன்.

ஆங்கிலத்திலும் இந்தக் கவலை எழுந்தது. ஏழு வயதுப் பிள்ளைகளுக்கான ஆக்ஸ்ஃபோர்டு ஜூனியர் அகராதியின் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் எருதைக் குறிக்கும் ‘ஆக்ஸ்’, காயடித்த காளையைக் குறிக்கும் ‘புல்லக்’ போன்ற சொற்கள் நீக்கப்பட்டன. ‘பிராட்பேண்ட்’, ‘பிளாக்’ முதலியன சேர்க்கப்பட்டன. பிள்ளைகள் இன்று வாழும் வாழ்க்கையை அகராதி காட்ட வேண்டும் என்பது பதிப்பகத்தின் வாதம். 2015-இல் மார்கரெட் அட்வுட் உள்ளிட்ட 28 எழுத்தாளர்கள் அதனை எதிர்த்துக் கடிதம் எழுதினர்.

தமிழின் நிலை சற்று வேறு. தொல்காப்பிய மரபியல், விலங்கின் இளமைக்கு மட்டும் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது பெயர்களைத் தந்து, எது எதற்கு உரியது என்றும் வகுத்துச் சொல்கிறது. கரிசல் நிலத்துச் சொற்களைக் கி. ராஜநாராயணன் தொகுத்த அகராதியை வெளியிட்டது, நம் சிவகங்கையில் கவிஞர் மீரா நடத்திய அன்னம் பதிப்பகம்தான். ஏட்டில் நம் சொற்கள் பத்திரமாக இருக்கின்றன. பிள்ளையின் வாயில் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

வயலுக்குப் போன வகுப்பு

மாசி மாதத்தில் ஒரு நாள், பெற்றோரின் இசைவு பெற்றுப் பிள்ளைகளை அந்தக் கிடைக்கு அழைத்துச் சென்றேன். அறுவடை முடிந்த தாள்வயல். இருநூறு மாடுகளுக்குக் குறையாது. கன்றுகளைத் தனியே பட்டியில் அடைத்திருந்தனர். சிறுவனின் தந்தை தோளில் துண்டோடு நின்று பிள்ளைகள் கேட்டதற்கெல்லாம் விடை சொன்னார். “எவ்வளவு பால் கறக்கும்?” என்று ஒருவன் கேட்டான். “இது பால் மாடு இல்லப்பா. கன்னு குடிச்சது போக ஏதோ கொஞ்சம். எங்களுக்கு இது சாணத்துக்குத்தான்” என்றார் அவர். ‘மாடு பால் தரும்’ என்று எழுதியிருந்த ஏழு பேரும் ஒரு நிமிடம் பேசவில்லை.

மாட்டின் வாயைத் திறந்து பல் காட்டினான் சிறுவன். மேல்வரிசையில் முன்பல்லே இல்லை என்பதைக் கண்டு பிள்ளைகள் கூவினர். தினம் மாட்டின் படத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் அதே சொல்லைக் கொடுத்தேன். ஒரே ஒரு நிபந்தனை: வேறொருவர் எழுத முடியாத வாக்கியமாக இருக்க வேண்டும். ‘மாட்டுக்கு மேலே முன்பல் இல்லை, அது நாக்கால் புல்லை வளைத்து இழுக்கிறது’ என்று ஒருவன் எழுதினான். ‘தலைமாடு எழுந்ததும் எல்லா மாடும் எழுந்தன’ என்றான் இன்னொருவன். மாடியைப் பற்றி எழுதிய சிறுமி, ‘மாடு மூச்சு விட்டபோது என் கை சூடாயிற்று’ என்று எழுதினாள். படிக்காவிட்டால் மாடு மேய்க்க வேண்டும் என்று சொன்ன பையன் எழுதியதைப் பிழையோடு வாசித்தேன், கண் கலங்கிற்று. ‘மாடு மேய்க்க ராத்திரி முளுக்க முளிச்சு இருக்கணும்’ என்பது அது. அவனுக்கு ழகரத்தைத் திருத்திக் கொடுத்தேன், வாக்கியத்தைத் திருத்தவில்லை.

கீதாரியின் மகன் வாயால் சொன்னான். நான் கரும்பலகையில் எழுதினேன். அதனைப் பார்த்து அவன் ஏட்டில் எழுதினான். ‘எங்கள் செவலை அப்பாவின் குரலுக்கு மட்டும் திரும்பும்’ என்பது அவனுடைய முதல் வாக்கியம். இம்முறை ஒன்றும் புதிதன்று. நியூசிலாந்தில் மவோரி இனக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு வேண்டுமென்று கேட்கும் சொல்லையே அதற்கு முதற்சொல்லாக எழுதிக் கொடுத்தார்; தம் அனுபவத்தை 1963-இல் நூலாகவும் வெளியிட்டார். சொல் பிள்ளையிடமிருந்து வந்தால் எழுத்து தானே பின்தொடரும் என்பது அவர் கண்ட உண்மை.

சிறுவன் இப்பொழுது ஆறாம் வகுப்பில் இருக்கிறான். கிடை வெளியூர் போகும் மாதங்களில் அவன் பாட்டியோடு ஊரில் தங்குகிறான். ஒற்றுப் பிழைகள் இன்னும் ஏராளம். கணக்கு இன்னும் தடுமாறுகிறது. ஆனால் வாக்கியம் அமைக்கும் வினாவுக்கு இப்பொழுது அவன் வெற்றிடம் விடுவதில்லை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

கிடைக்குப் போய்வந்த சிறுமி ஒருத்தி, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு வாங்கும்போது அத்தா ஏன் அதன் வாயைத் திறந்து பார்க்கிறார் என்று தன் நன்னியிடம் கேட்டாளாம். குர்பானி ஆட்டுக்கு வயது நிறைந்திருக்க வேண்டும், அதனைப் பல் சொல்லும் என்று நன்னி விளக்கியிருக்கிறார். அவள் வந்து என்னிடம் சொன்னபோது, அரபியில் ‘ஸின்னு’ என்ற ஒரே சொல் பல்லையும் குறிக்கும், வயதையும் குறிக்கும் என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு சொல் அவளைத் தாயிடமும் பாட்டியிடமும் சந்தைக்கும் திருமறைக்கும் அழைத்துச் சென்றுவிட்டது. துணைநூல் இதனைச் செய்யுமா?

ஆகவே அன்பிற்குரிய பெற்றோர்களே, உங்கள் பிள்ளை அடுத்த முறை ஏட்டை நீட்டி, ‘இந்தச் சொல்லுக்கு வாக்கியம் சொல்லுங்கள்’ என்று கேட்டால், அவசரப்பட்டு ஒன்றைச் சொல்லி எழுத வைத்துவிடாதீர்கள். மாடு என்றால் எந்த மாடு, ஆடு என்றால் யார் வீட்டு ஆடு, கோழி என்றால் அது எப்பொழுது கூவியது என்று திருப்பிக் கேளுங்கள். தெரியாவிட்டால் நன்னியிடம் அனுப்புங்கள். சந்தைக்கு அழைத்துப் போங்கள். சாலையோரத்தில் மந்தை கடக்கும்போது வண்டியை நிறுத்தி, மேய்ப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசவிடுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகச் செலவாகும். பிள்ளைக்குக் கிடைக்கும் மதிப்பெண் அதே ஒன்றோ இரண்டோதான்.

வசையாக மட்டும் மாட்டைச் சொல்லும் பழக்கத்தையும் இன்றோடு விட்டுவிடுங்கள். உங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பவன் யாருடைய மகன் என்பது உங்களுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும்.